மரை கழண்ட கதை

நம்ம ஊர்ல ஒருத்தரைத் திட்டணும்னா 'அவனுக்கு மரை கழண்டுடுச்சு'ம்போம். இல்லேன்னா 'நட்டு லூசு'. இத்தனை வருஷம் அதை மனுஷங்களுக்கு மட்டும் சொல்லிட்டிருந்தேன். இந்தத் தை மாசம் என்னோட புது பைக்குக்கும் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபியோட உக்காருங்க.

எங்க ஊர் மணலூர்பேட்டை. திருவண்ணாமலைக்கும் திருக்கோவிலூருக்கும் நடுவுல, தென்பெண்ணைக் கரையில இருக்கு. 2019 வரைக்கும் விழுப்புரம் மாவட்டம், இப்போ கள்ளக்குறிச்சி. தை அஞ்சாம் தேதி ஆத்துத் திருவிழான்னா சுத்துப்பட்டு சாமியெல்லாம் ஆத்துக்கு வந்துடும். திருவண்ணாமலையிலேர்ந்து அருணாசலேஸ்வரரே தீர்த்தவாரிக்கு வருவார். அன்னைக்கு ஊர்ல இல்லாதவன் ஊர்க்காரனே இல்லைங்கறது எங்க அம்மாவோட சட்டம்.

பெங்களூர்ல பொட்டி தட்டற நான் (படிச்சது மெக்கானிக்கல், அதைப் பத்தி அப்புறம்) டிசம்பர்ல புது பைக் வாங்கினேன். மீட்டர் 480-ல இருந்தது. முதல் சர்வீஸ் 500-லன்னு புத்தகத்துல போட்டிருந்தான். ஊருக்குப் போயிட்டு வந்து விட்டுக்கலாம்னு கிளம்பிட்டேன். ஓசூர், கிருஷ்ணகிரி, செங்கம், திருவண்ணாமலைன்னு இருநூறு கிலோமீட்டருக்கு மேல. செங்கம் தாண்டினப்புறம் பின்பக்கம் 'கிர்ர்'னு ஒரு சத்தம். செயின் சத்தமா இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். பாட்டு கேட்டா அது கேக்காது பாருங்க!

வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினதும் பெரியப்பா வந்தார். அவர்கிட்ட 1978 மாடல் புல்லட் ஒண்ணு இருக்கு. 89-ல செகண்ட்ஹேண்டா வாங்கினது. என்னோட வண்டியை ஒரு சுத்து சுத்தினார். குனிஞ்சு சேலை கார்டைப் பிடிச்சு ஆட்டினார். ஆடுச்சு. மூணு போல்ட்டுல ஒண்ணு காணோம். இன்னொண்ணு அவர் ரெண்டு விரல்லயே சுத்துது.

"யாரை உக்கார வெச்சிக்கினு போறதா இருந்த?"

அம்மாவை. மறுநாள் காலைல அம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சு ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறதாத்தான் பேச்சு. பட்டுப்புடவை கட்டிக்கிட்டு ஒருபக்கமா உக்காந்து வருவாங்க. நான் ஒண்ணும் பேசலை.

பெரியப்பா உள்ள போய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்தார். உள்ள முப்பது வருஷத்து போல்ட்டு, நட்டு, வாஷர். கண்ணளவுக்கு அதே தடிமன்ல ஒரு போல்ட்டை எடுத்து நான் மாட்டினேன். ரெண்டு சுத்து ஜோரா போச்சு, நின்னுடுச்சு. ஸ்பேனரை எடுத்தேன்.

"வெய்டா கீழ. ரெண்டு சுத்து போய் நின்னா அது நம்ம ஆளு இல்ல. மேல முறுக்கினா ரெண்டு பேருக்கும் மரை போயிடும்."

அந்த ரெண்டு சுத்துக்குப் பின்னாடி ஒரு நூத்தி எண்பது வருஷ வரலாறு இருக்கு. ராத்திரி தூக்கம் வராம அதைத்தான் தோண்டிக்கிட்டிருந்தேன்.

என்னோட வண்டி போல்ட் 8 மில்லிமீட்டர், மரைக்கு மரை தூரம் 1.25 மில்லிமீட்டர். பெரியப்பா பாட்டில்ல இருந்தது புல்லட்டோட 5/16 அங்குல போல்ட். அதாவது 7.94 மில்லிமீட்டர். தடிமன் கிட்டத்தட்ட ஒண்ணு, அதான் உள்ள போகுது. ஆனா அதுல ஒரு அங்குலத்துக்கு 22 மரை, அதாவது மரைக்கு மரை 1.15 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா விலகி, கடைசில பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுடும். முரட்டு ஆள் கையில கிடைச்சா உள்ளயே அறுந்துடும்.

ஏன் இப்படி ஆளுக்கு ஒரு மரை? 1841-க்கு முன்னாடி இங்கிலாந்துல ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரைதான். ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டுக்குப் பொருந்தாது. ஜோசப் விட்வொர்த்ங்கற இன்ஜினியர் பல பட்டறைகள்லேர்ந்து போல்ட்டுகளை வாங்கிச் சேர்த்து, அளந்து, சராசரி எடுத்து, 'எல்லாரும் இதையே வெட்டுங்க'ன்னு அந்த வருஷம் ஒரு கட்டுரை படிச்சார். மரையோட கோணம் 55 டிகிரி. மெஷின் டிராயிங் பரீட்சைக்கு இந்த 55-ஐ நான் மனப்பாடம் பண்ணியிருக்கேன். எதுக்குன்னு அப்போ யாரும் சொல்லலை, நானும் கேக்கலை.

1864-ல அமெரிக்காவுல வில்லியம் செல்லர்ஸ்னு ஒருத்தர், 55 டிகிரி வெட்டறது கஷ்டம், 60 போதும்னு வேற ஒரு முறை கொண்டு வந்தார். அது அங்க நிலைச்சுது. ஐரோப்பாக்காரங்க மில்லிமீட்டர்ல தனியா போனாங்க. பிரிட்டனுக்குள்ளயே சைக்கிள்காரங்க தனியா அங்குலத்துக்கு 26 மரைன்னு ஒண்ணு வெச்சுக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க சாதிச் சங்கம் ஆரம்பிக்கற மாதிரிதான் :-)

இதோட வலி ரெண்டாம் உலகப்போர்ல தெரிஞ்சுது. ரோல்ஸ் ராய்ஸோட மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவுல பேக்கர்ட் கம்பெனி செஞ்சப்போ, பிரிட்டிஷ் மரையை அப்படியே வெட்ட வேண்டியிருந்தது. இல்லேன்னா அங்க செஞ்ச பாகம் இங்க இருக்கற விமானத்துல ஏறாது. போர் முடிஞ்சப்புறம், 1948-ல பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூணும் உக்காந்து ஒரு பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டாங்க. அப்பவும் பிரிட்டிஷ் பட்டறைகள் பழசை விடலை.

சரி, இது எங்க பெரியப்பா பாட்டிலுக்கு எப்படி வந்தது?

இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர். ஊசி செய்யறதுக்குப் பேர் போன ஊர். அங்க ஊசி செஞ்சிட்டிருந்த ஜார்ஜ் டவுன்சென்ட் குடும்பக் கம்பெனி சைக்கிளுக்கு மாறுச்சு. 1891-ல அது ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் ஸ்மித் ரெண்டு பேர் கைக்கு வந்தது. என்ஃபீல்டுல இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செஞ்சு குடுத்தாங்க, அதுலேர்ந்து ராயல் என்ஃபீல்டுன்னு பேர் வெச்சுக்கிட்டாங்க. 1901-ல முதல் மோட்டார்சைக்கிள், 1932-ல புல்லட்ங்கற பேரு.

சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ராணுவத்துக்கும் போலீசுக்கும் மோட்டார்சைக்கிள் தேவைப்பட்டுது. மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியா 350 சிசி புல்லட் இங்க வந்தது. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல வண்டியைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. 1962 வாக்குல எல்லா பாகமும் இங்கேயே தயாராச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, 1956-லயே மெட்ரிக் சட்டம் வந்துடுச்சு. 58 அக்டோபர்லேர்ந்து படிப்படியா கிலோ, மீட்டர்னு நாடு மாறிட்டிருக்கு. 1965-ல பிரிட்டிஷ் தர நிர்ணய அமைப்பே 'எங்க பழைய மரையையெல்லாம் கைவிடுங்க, மெட்ரிக்குக்குப் போங்க'ன்னு சொல்லிடுச்சு. 1967-ல ரெட்டிச் தொழிற்சாலை மூடிட்டாங்க. ஆனா திருவொற்றியூர்ல ரெட்டிச் அச்சுல வார்த்த புல்லட், பழைய அங்குல மரையோட (போகப் போக மெட்ரிக்கும் கலந்து) ஓடிக்கிட்டே இருந்தது. 1977-ல அதையே இங்கிலாந்துக்குத் திருப்பி ஏத்துமதி பண்ணினாங்க! அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 2010 வாக்குலதான் நின்னுது.

புல்லட் வெச்சிருக்கறவங்க வீட்ல ரெண்டு செட் ஸ்பேனர் இருக்கறது இதனாலதான். விட்வொர்த் ஸ்பேனர்ல கால் அங்குலம்னு போட்டிருந்தா அது போல்ட்டோட தடிமன், ஸ்பேனர் வாயோட அளவு இல்லை. வாய் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். 13-ம் நம்பர் ஏறாது, 14 போட்டா வழுக்கும். ரோட்டோர மெக்கானிக் 14-ஐப் போட்டு முறுக்கி முறுக்கி, ஆறு மூலை நட்டெல்லாம் உருண்டையாப் போனது பாதி புல்லட்டுகளோட கதை.

பெரியப்பாவுக்கு ஞாயித்துக்கிழமைன்னா ஸ்பேனர்தான். சின்ன வயசுல நாங்க டிவி பாத்துட்டிருப்போம், அவர் வாசல்ல சாக்கு விரிச்சு உக்காந்துருப்பார். 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறி இறங்கற ஒத்தை பிஸ்டன். அந்த உதறலுக்கு எந்த நட்டும் ஒரே இடத்துல உக்காந்திருக்காது. முன்னாடியிலேர்ந்து பின்னாடி வரைக்கும் ஒவ்வொண்ணா தொட்டுட்டுப் போவார். 'புது வண்டி வாங்க வேண்டியதுதானே'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்.

பெரியப்பா இதை அவங்கப்பாகிட்டேர்ந்து கத்துக்கிட்டதா சொன்னார். எங்க தாத்தா புல்லட்டைத் தொட்டதே இல்லை, அவர்கிட்ட மாட்டு வண்டிதான். திருவிழாவுக்கு ஜனங்களை ஏத்தறதுக்கு முன்னாடி கடையாணியைத் தட்டிப் பாத்து, அச்சுக்கு மை போட்டுட்டுத்தான் மாட்டையே பூட்டுவாராம். அச்சாணியைப் பத்தி வள்ளுவரே சொல்லிட்டார், அதுக்கு மேல நான் என்ன சொல்ல? இன்னைக்கும் பல பைக்குல பின் சக்கர அச்சு நட்டுக்குக் குறுக்க ஒரு ஸ்ப்ளிட் பின் மாட்டியிருப்பான். பாருங்க, அது கடையாணியோட பேரன்.

அப்புறம் எங்க மாறுச்சு?

எண்பதுகள்ல. நான் பைக்குல வந்த அதே வழியில ஓசூர் இருக்கு பாருங்க, அங்க 1980-ல டிவிஎஸ் 50 வந்தது. 84-ல இன்ட்-சுசுகி நூறு சிசி. 85-ல வடக்கே ஹீரோ ஹோண்டா சிடி 100. ஜப்பான் கணக்குல வெட்டின பாகம், முழுக்க மெட்ரிக். பத்து, பன்னெண்டு, பதினாலு, பதினேழுன்னு நாலு ஸ்பேனர் இருந்தா கடை போட்டுடலாம். உதறலும் கம்மி. சிடி 100 விளம்பரமே 'பெட்ரோல் போடு, மூடியைப் போடு, மறந்துடு'ங்கற அர்த்தத்துலதான் வந்தது. நாடே அதுக்கு மயங்குச்சு, எங்க அப்பாவும்தான். அவர் வெச்சிருந்த நூறு சிசி வண்டியில அவர் ஒரு நாளும் ஸ்பேனர் போட்டு நான் பாத்ததில்லை. தப்பு சொல்லலை, அந்த வண்டி நெஜமாவே கேக்கலை.

அந்த 'மறந்துடு'ல ஒண்ணு நடந்துடுச்சு. அதுவரைக்கும் வண்டிக்காரன் கையில இருந்த வேலை சர்வீஸ் சென்டர் கைக்குப் போச்சு. கூடவே அறிவும் போச்சு. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சது அப்பாவுக்குத் தேவைப்படலை. எனக்கு, நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவனுக்கு, தெரியவே தெரியலை.

சரி, இவ்ளோ நல்ல வண்டியில ஏன் கழளுது? இங்கதான் படிச்ச படிப்பு கொஞ்சம் உதவுச்சு.

போல்ட்டை இறுக்கும்போது அது லேசா நீளுது. இழுத்துக் கட்டின ஸ்பிரிங் மாதிரி. அந்த இழுவிசைதான் ரெண்டு தகட்டையும் சேத்துப் பிடிக்குது. போல்ட் தலையில 8.8-னு ஒரு நம்பர் பாத்திருப்பீங்க. முதல் 8-ன்னா 800 மெகாபாஸ்கல் வரைக்கும் அறுந்து போகாது, ரெண்டாவது 8-ன்னா அதுல எண்பது சதவீதம் வரைக்கும் நீண்டாலும் பழையபடி திரும்பிடும்னு அர்த்தம். நாம ஸ்பேனர்ல போடற பலத்துல பாதி போல்ட் தலைக்கு அடியில உரசறதுக்கே போயிடும், நாப்பது சதவீதம் மரை உரசலுக்கு. மிச்சம் பத்து சதவீதம்தான் பிடிக்கற வேலைக்கு. மரையில எண்ணெய் இருந்தா இந்தக் கணக்கே மாறிடும். எண்ணெய் தடவிட்டு அதே பலத்தைப் போட்டா போல்ட் தேவைக்கு மேல நீண்டு, அறுந்தே போகலாம்.

புதுசாப் பூட்டின இடத்துல, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் முதல் சில நூறு கிலோமீட்டர்ல நசுங்கி உக்காரும். தலைக்கு அடியில பெயின்ட் இருந்தா அதுவும் நசுங்கும். போல்ட் நீண்டிருக்கறதே மயிரிழை அளவு. அதுல கொஞ்சம் விட்டுக் குடுத்தாலும் பிடி தளர்ந்துடும். முதல் சர்வீஸ்ல எண்ணெய் மாத்தறதோட நட்டெல்லாம் இறுக்கிப் பாக்கணும்னு போட்டிருக்கறது இதுக்குத்தான். நான் அதைத்தான் தள்ளிப் போட்டேன்.

பிடி தளர்ந்தா அப்புறம் உதறல் பாத்துக்கும். 1969-ல கெர்ஹார்ட் யுங்கர்ங்கற ஜெர்மன் இன்ஜினியர் இதைச் சோதிச்சுக் காட்டினார். மேலயும் கீழயும் ஆடறதைவிட, ரெண்டு தகடும் பக்கவாட்டுல வழுக்கறதுதான் எமன். அப்படி வழுக்கும்போது மரையோட உரசல் ஒரு நொடி இல்லாத மாதிரி ஆகி, நட்டு தானாவே திரும்பிடும். ஒரு தடவைக்கு ஒரு துளி. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல உதறினா? செங்கம் ரோட்டுல எனக்குக் கேட்டது அந்தக் 'கிர்ர்'தான்.

இதுல சேலை கார்டு ஒரு தனிப் பிறவி. பின்னாடி உக்கார்றவங்க துணி சக்கரத்துல மாட்டாம பின் சக்கரத்தைப் பாதிக்குக் குறையாம மறைக்கணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-ம் விதி சொல்லுது. நம்ம நாட்டுப் புடவைக்காகவும் துப்பட்டாவுக்காகவும் வந்த பாகம். ஆனா என் வண்டியில அதைக் கடைசியா, ஷோரூம்லதான் பூட்டினாங்க, டெலிவரி அவசரத்துல. (எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம்னு கேக்காதீங்க. பூட்டின பையனையும் நான் குத்தம் சொல்லலை, அன்னைக்கு நல்ல நாள், வாசல்ல பதினஞ்சு குடும்பம் எலுமிச்சம்பழத்தோட நின்னுட்டிருந்தது.) கிராஷ் கார்டும் அப்படித்தான். இன்ஜினைத் தாங்கற போல்ட்டையே கழட்டி, அதோட சேத்து மாட்டறாங்க. அதையும் பெரியப்பா பாத்தார். அரை சுத்து இறங்குச்சு.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில 8 மில்லிமீட்டர் போல்ட், ஸ்பிரிங் வாஷரோட வாங்கி வந்து மாட்டினோம். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து முழு வண்டியும் பாத்தோம். உங்களுக்கும் ஆகும்னு அந்த வரிசையைச் சொல்லிடறேன்:

முன் சக்கர அச்சு, பின் சக்கர அச்சு, ஸ்ப்ளிட் பின் இருக்கான்னு. பிரேக் கேலிபர் போல்ட். ஹேண்டில் கிளாம்ப். இன்ஜின் மவுன்டிங், கிராஷ் கார்டு. சைலன்சர். ஃபுட்ரெஸ்ட், சைடு ஸ்டாண்டு. செயின் தொய்வு, ஸ்ப்ராக்கெட் நட்டு. சேலை கார்டு, நம்பர் பிளேட், கண்ணாடி. கடைசியா காத்து.

மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க. ஒண்ணு, இன்ஜின் ஆறினப்புறம்தான் தொடணும். ரெண்டு, 'இறுக்கிப் பாக்கறது'ன்னா பலத்தைக் காட்டறது இல்லை. இன்ஜின் அடியில எண்ணெய் வடிக்கற போல்ட் உக்கார்ற இடமெல்லாம் அலுமினியம், முறுக்கினா மரை போயிடும். அச்சு, பிரேக், இன்ஜின் போல்ட்டுக்கெல்லாம் புத்தகத்துல அளவு போட்டிருக்கும். டார்க் ரென்ச் இல்லேன்னா மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. மூணு, இறுக்கினப்புறம் நட்டுக்கும் தகட்டுக்கும் சேத்து பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க. கோடு விலகினா கழண்டுட்டிருக்குன்னு அர்த்தம். ஸ்பேனரே வேண்டாம், கண்ணு போதும்.

முழுசா நாப்பது நிமிஷம் ஆச்சு. முடிஞ்சதும் பெரியப்பா கையைத் துடைச்சிக்கிட்டே கேட்டார்:

"நாலு வருஷம் காலேஜ்ல இதத்தான படிச்ச?"

"ஆமா பெரியப்பா."

"அப்பறம்?"

அதுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்லை.

மறுநாள் காலைல அம்மா பின்னாடி உக்காந்தாங்க. "என்னடா இவ்ளோ மெதுவா போற, சாமி போயிடும்"னு வழி முழுக்கத் திட்டினாங்க. அவங்களுக்கு விஷயம் தெரியாது. பெரியப்பாவும் சொல்லலை, நானும் சொல்லலை. ஆத்தங்கரையில இறங்கினதும் புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு நேரா கூட்டத்துக்குள்ள போயிட்டாங்க. நான் குனிஞ்சு அந்த மூணு போல்ட்டையும் தொட்டுப் பாத்துட்டு அப்புறம்தான் சாமி பாக்கப் போனேன்.

உங்க வீட்ல இந்த மாதிரி பாட்டில் வெச்சிருக்கற பெரியப்பா, தாத்தா, மாமா யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அவங்க ஸ்பேனர் எடுக்கற ஞாயித்துக்கிழமையில ஒரு நாள் பக்கத்துல போய் உக்காருங்க.

டிஸ்கி: பெங்களூர் திரும்பினதும் முதல் வேலையா சர்வீஸ் விட்டேன். "எல்லாம் சரியா இருக்கு சார், யாரு டைட் பண்ணது?"ன்னு கேட்டாங்க. ஊர்ல ஒரு மெக்கானிக்குன்னு சொல்லிட்டேன்.